ஹாரன் அடிக்காத பிள்ளைக்கு

சாம்,

நீ காரை வெளியே எடுத்ததும் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். திறந்து கிடந்தால் தெருமாடுகள் புகுந்து என் செம்பருத்தியைத் தின்றுவிடும். அதைத் தவிர அந்தச் செயலுக்கு வேறு பொருள் ஏதும் இல்லை. வந்தவுடன் கைப்பேசியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பின்னால் போட்டேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது அழைக்கக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாய். அழைக்க மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். ஆகவே எழுதுகிறேன். இது ஒளித்து வைக்கும் கடிதம் அல்ல. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். பிள்ளையைச் சாலைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்குப் பாளையங்கோட்டையில் பஞ்சமா என்ன?

நாளைக் காலையில் உன் பெரியம்மாவுக்கு இங்கே கண் அறுவை சிகிச்சை. இன்றைக்கே அம்பாசமுத்திரத்திலிருந்து அவளை அழைத்து வந்தாக வேண்டும். பஸ்ஸில் வரமாட்டாள், கண்ணில் தூசி விழுமாம். வழக்கமாக வரும் ஆக்டிங் டிரைவர் காலையில் காபி குடிக்கிற நேரத்தில் அழைத்தார். “டீச்சர், மச்சினனுக்குத் திடீர்னு நிச்சயம் வச்சிட்டாவ. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க” என்றார். அவர் மச்சினனுக்காக என் அக்காளின் கண் பொறுக்குமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நீ தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “நா போயிட்டு வாரேம்மா” என்றாய். “நீயா?” என்றேன். அந்த ஒரு சொல் உன்னைச் சுட்டிருக்கும். ஆனால் பொருந்தாத கேள்வி என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் உரிமம் உன் பர்ஸுக்குள் பல மாதங்களாக உறங்குகிறது. இன்றுவரை நீ தனியாக ஒரு தெருவைக்கூடத் தாண்டியதில்லை. காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ ஹாரன் அடிக்கமாட்டாய். பஸ்ஸும் நெல் அறுக்கும் இயந்திரமும் ஆட்டுக் கூட்டமும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாகப் போகிற அம்பாசமுத்திரம் சாலையில் ஹாரன் அடிக்காத ஒருவன் முழுதாகப் போய் முழுதாகத் திரும்ப முடியுமா? அதற்கு விடை தெரியாமல்தான் இந்த மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கிறேன். நான்கு வரி எழுதுகிறேன், எழுந்து பார்க்கிறேன். தெரு அங்கேயேதான் இருக்கிறது.

போன ஆண்டு, பதினெட்டு முடிந்த கையோடு, கார் ஓட்டப் பழக வேண்டும் என்று நீயாகவே கேட்டாய். நீ எதையும் கேட்டுப் பழகாதவன் என்பதால் உடனே சரி என்றேன். உன் அப்பா இறந்தபின் அந்தக் கார் உறை போர்த்தி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாராவது ஒரு டிரைவர் வந்து உறையைக் கழற்றுவார். நம் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாது. மாமன் டிராக்டரிலோ சித்தப்பனின் லோடு ஆட்டோவிலோ பழகிக்கொண்டு, உரிமம் வாங்க மட்டும் போய் வரிசையில் நிற்பார்கள். காலை வகுப்பு பெண்களுக்கானது என்பது எழுதாத சட்டம். உனக்கு மாமனும் இல்லை, டிராக்டரும் இல்லை. ஆகவே பெண்கள் வகுப்பில் போய் நின்றாய். ஒரு காரில் மூன்று பேர். ஒருவர் ஓட்டுவார், மற்ற இருவர் பின்னால் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். மூன்றாவதாகச் சேர்ந்த நர்ஸம்மா இரண்டு நாளில் நின்றுவிட்டதால் ஓர் இடம் காலி. அதில் நான் போய் உட்கார்ந்தேன். இருபது தாவரவியல் மாணவிகளோடு களக்காட்டு மலையேறி இலை பறித்தவளுக்கு, ஒரு மகனை ஒரு காரில் கண்காணிப்பதா பெரிது என்று நினைத்தேன்.

சுடலைமுத்து மாஸ்டரை நீ மறக்கமாட்டாய். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் குரல் பஸ்ஸின் பின்வாசல்வரை எட்டிப் பழகியது. முதல் நாள் என்னைப் பார்த்ததும், “பாட்டியும் கூட வந்துருக்காவளோ?” என்றார். நாற்பத்து நான்கு வயதில் பிள்ளை பெற்றவள் இந்தக் கேள்வியைப் பள்ளிக்கூட வாசலிலிருந்தே கேட்டுவருகிறேன்.

“பாட்டி இல்ல. அம்மா.”

“மன்னிச்சிக்கிடுங்க டீச்சர். நீங்களும் படிக்கியளா?”

“படிக்க வரல. பாக்க வந்துருக்கேன்.”

“பாக்கதுக்கு இதுல என்ன இருக்கு? சரி, சீட்டு காலிதான். ஏறுங்க.”

எனக்குப் பக்கத்தில் பாத்திமா. காயல்பட்டினத்தில் பிறந்து மேலப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் துபாயில். அடுத்த விடுப்பில் அவன் வந்து இறங்கும்போது விமான நிலையத்தில் தானே காரோடு நிற்க வேண்டும் என்பது அவள் வெறி. அவள் ஓட்ட உட்கார்ந்தால் முதலில் ஹாரன் புறப்படும், கார் பிறகு புறப்படும். நீ அவளுக்கு நேர் எதிர். கிளட்ச் உனக்கு ஒரே வாரத்தில் வசமாயிற்று. கியர் மாற்றுவது பின்னால் இருக்கும் எங்களுக்குத் தெரியவே தெரியாது. பின்னோக்கி எடுப்பதில் மாஸ்டரே அசந்துபோனார். “கை நல்லாருக்கு. வாய்தான் இல்ல” என்றார். ஆடு வந்தால் நிற்பாய். சைக்கிள் குறுக்கிட்டால் நிற்பாய். சாலையோரத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால், அவர்கள் பேச்சு முடியட்டும் என்று நிற்பாய். தருவை ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்மறிக் கூட்டம் மறித்தது நினைவிருக்கிறதா?

“ஆரன் அடிலே.”

“அதுவே போயிரும் மாஸ்டர்.”

“போவும்லே, போவும். ஆத்துக்குப் போயி தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வார வரைக்கும் நாம இங்கன கெடப்போமா?”

பாத்திமா முன்னால் குனிந்து, “தம்பி, அதுல கை வச்சா கரண்டு அடிக்குமோ?” என்றாள். உன் பிடரியில் வியர்வை பொடித்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கடைசியில் மாஸ்டர் எட்டி அமுக்கினார். ஆடுகள் விலகின. இடையன் நம்மை வைதான். நீ அவனைப் பார்த்துத் தலையசைத்து மன்னிப்புக் கேட்டாய்.

“வீட்ல ரொம்ப அடக்கி வளத்துட்டியளோ டீச்சர்?” என்று அன்று இறங்கும்போது மாஸ்டர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். இப்போதும் இல்லை என்றுதான் சொல்கிறேன். பழியை ஏற்றுக்கொள்வது ஒரு பெருந்தன்மையாக இக்காலத்தில் கருதப்படுகிறது. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. உன் அப்பா தெருமுனையில் திரும்பும்போதே ஹாரன் அடிப்பார். நான் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேட்டைத் திறக்க வேண்டும். “நான் என்ன ஒங்க கேட்டுக்காரியா?” என்று ஒருநாள் கேட்டேன். மறுநாளிலிருந்து அவரே இறங்கித் திறந்துகொண்டார், சாகும்வரை. நான் கேட்டது நியாயம். அந்தக் கேள்வியைக் கேட்டபோது நீ பின்னிருக்கையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாய் என்பதும் உண்மை. அது உன் காதில் விழுந்து உள்ளே போய் வேர்விட்டது என்று உளவியல் படித்தவர்கள் சொல்லக்கூடும். நான் தாவரவியல் படித்தவள். விதை விழுந்த இடத்தில் எல்லாம் செடி முளைப்பதில்லை.

உன் இயல்பு அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. எட்டு வயதில் உன்னை அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு வந்திருப்பேன். பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது நல்ல கூட்டம். நான் பையோடு ஏறிவிட்டேன். நீ எனக்குப் பின்னால் ஏறியிருப்பாய் என்று நினைத்தேன். பஸ் நகர்ந்துவிட்டது. நீ கீழே நின்றுகொண்டு, போகிற பஸ்ஸில் தெரிந்த என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், வாயைத் திறக்கவில்லை. கொய்யாப்பழக் கூடையோடு இருந்த ஒரு பொம்பளைதான் கத்தினாள். “ஏ டிரைவரே! பிள்ளைய விட்டுட்டு எங்கன போறீரு? ஒம்ம கண்ணுல என்ன கொள்ளியா?” பஸ் நின்றது. உன்னைத் தூக்கி உள்ளே திணித்தார்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். “எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க” என்றாய். அதை அடக்கம் என்று நினைத்து அன்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மடத்தனம். பிறர் திரும்பிப் பார்ப்பதற்கு அஞ்சி அம்மாவையே போகவிடுகிற பிள்ளையிடம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

தெருவில் ஹாரன். எழுந்து ஓடினேன். காஸ் சிலிண்டர் வண்டி.

எங்கே விட்டேன்? இனிச் சொல்ல வேண்டியது முன்னீர்பள்ளத்துக் கிழவர் கதை. அவரைப் பற்றி நாம் இருவரும் வீட்டில் பேசியதில்லை. வகுப்பு முடியும் தறுவாயில் இருந்த ஒரு காலைப்பொழுது. வயலிலிருந்து ஏறும் மண்பாதையில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலையில் புல்லுக்கட்டு, அதனால் அவருக்கு இடதும் தெரியாது வலதும் தெரியாது. நீ அவரைத் தொலைவிலேயே பார்த்துவிட்டாய், வேகத்தைக் குறைத்தாய். நீ பார்த்ததுபோல் அவரும் உன்னைப் பார்த்திருப்பார் என்று நம்பினாய். அவர் நேராகச் சாலையில் ஏறினார். உன் கால் பிரேக்குக்குப் போகுமுன் மாஸ்டர் தம் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். என் நெற்றி முன்சீட்டில் இடித்தது. கிழவரின் புல்லுக்கட்டு நம் கார் மூக்கில் சாய்ந்து கிடந்தது. மாஸ்டர் கண்ணாடியை இறக்கி, “பாத்து வரக்கூடாதா வே?” என்றார். கிழவர், “வண்டி வாரதுக்கு ஒரு சத்தம் வேண்டாமா வே?” என்று திருப்பிக் கேட்டார்.  அவர் புல்லைச் சேர்த்துக் கட்டும்வரை நீ இறங்கி உதவி செய்தாய்.  அவர் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்.

இன்றைக்கு உன் பக்கத்து இருக்கையில் மாஸ்டர் இல்லை. இரண்டாவது பிரேக்கும் இல்லை. நம் காரில் அது கிடையாது. இதில் வாழ்க்கைக்கு உவமை ஏதாவது தேடாதே; நான் காரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கிழவர் தப்பிய மறுநாள் நான் செய்தது உனக்கு ஆறாத புண் என்பதை அறிவேன். வாழைத்தார் ஏற்றிய ஒரு தட்டுவண்டி நமக்கு முன்னால் நடுச்சாலையில் ஆடி ஆடிப் போனது. மாஸ்டர் ஒருமுறை சொன்னார், இருமுறை சொன்னார். நீ அடிக்கவில்லை. என் கண்ணுக்குள் புல்லுக்கட்டு மட்டும் தெரிந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே உடம்பை நுழைத்து, உன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஸ்டியரிங்கின் நடுவில் ஓங்கி அமுக்கினேன். அமுக்கிய கையை எடுக்கவும் இல்லை. நீ என்ன செய்தாய்? இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை உட்காருமே, அப்படி. கார் தன் விருப்பத்துக்கு இடதுபக்கம் இறங்கத் தொடங்கியது. மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.  தட்டுவண்டிக்காரன் நம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

முதலில் பேசியவள் பாத்திமா. “டீச்சரம்மா, கோவப்படாதிய. நீங்களும் தம்பியும் ஒண்ணுபோலத்தான் நெனைக்கிய, ஆரன்னா ஏச்சுன்னு. அவன் ஏச மாட்டேங்கான். நீங்க ஏசித் தீத்துட்டிய. எங்க வாப்பா வெளிய போயிட்டு வந்தாவன்னா, வாசப்படியில நின்னு தொண்டைய ஒரு செருமு செருமுவாவ. உள்ள பொம்பளைய இருப்பாவல்லா? ‘நா வாரேன், பாத்துக்கிடுங்க’ன்னு சொல்லுத மாதிரி. நாங்க முக்காட்டச் சரி பண்ணிக்கிடுவோம், வாப்பா உள்ள வருவாவ. அதுல ஏச்சு எங்க இருக்கு?”

“அப்ப நீ ஏம்மா விடாம செருமுத?” என்றார் மாஸ்டர்.

“எனக்கு ஜலதோசம் மாஸ்டர்.”

மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். “டீச்சர், எறங்குங்க. நாளையிலேருந்து வர வேண்டாம்.” கல்லூரியில் எத்தனையோ பேரை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன், அனுப்பப்பட்டது அதுவே முதன்முறை. இறங்கினேன். டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். நீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாயா, பாத்திமாவைப் பார்த்தாயா என்பது எனக்குத் தெரியாது. அவள் சொன்னது உன் காதில் ஏறியதா என்பதும் தெரியாது. உன்னிடம் கேட்டால் சொல்லவா போகிறாய்? பிறகு தேர்வு வந்தது. நேராக ஓட்டச் சொன்னார்கள், பின்னால் எடுக்கச் சொன்னார்கள். அந்தத் திடலில் ஆடு இல்லை, கிழவர் இல்லை, யாரும் உன்னை ஹாரன் அடிக்கச் சொல்லவும் இல்லை. முதல் ஆளாகத் தேறினாய். காரின் உறையை அன்றே கழற்றித் துவைத்து, மறுபடி போர்த்திவைத்தாய்.

பீரோவுக்குள் கைப்பேசி அலறிற்று. உப்பு ஜாடியைத் தட்டிவிட்டுச் சாவியை எடுப்பதற்குள் நின்றுவிட்டது. உன் எண் அல்ல, பெரியம்மாவின் எண். அவளை அழைக்க எனக்குத் தடையில்லை.

“ஏட்டி, போன எங்கன கொண்டு ஒளிச்சு வச்சிருக்க? ஒம் மவன் வந்துட்டான். சோறும் தின்னாச்சி. பொறப்படுதோம்.”

“எப்படி ஓட்டிட்டு வந்தானாம்?”

“அவன் எந்தக் காலத்துல சொல்லிருக்கான்? வந்து வெளிய வேப்பமரத்தடில பேசாம நிக்கான். எம்புட்டு நேரம் நின்னானோ? தண்ணி தெளிக்கலாம்னு கதவத் தெறந்தேன், பாத்தா இவன்.”

“ஆரன் அடிக்கலியா?”

“அடிச்சா எனக்குக் கேக்காதா? கண்ணுதான்ட்டி மங்கல். காது நல்லாத்தான் இருக்கு.”

ஆக, போகும்போது நீ அடிக்கவில்லை. அதிர்ஷ்டத்தால் போய்ச் சேர்ந்தாய். திரும்பும்போது பள்ளிக்கூடம் விடும் நேரம். சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடைவரை சைக்கிள் பிள்ளைகள் தோளில் கைபோட்டுக்கொண்டு சாலை அகலத்துக்கு வருவார்கள். பக்கத்து இருக்கையில் உன் பெரியம்மா வேறு. கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்குள் நம் குடும்பத்தின் எல்லாக் கல்யாணங்களையும் பிரித்து மேய்ந்திருப்பாள். கைப்பேசி இப்போது பீரோவுக்குள் இல்லை. மேசைமேல், என் இடதுகைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. இருக்கட்டும். உன்னை அழைத்தால் நீ எடுப்பாய். எடுக்காமல் இருக்க உனக்குத் தெரியாது. அதனாலேயே அழைக்கக் கூடாது.

அறிவுரை சொல்ல நான் உட்காரவில்லை. ஆனாலும் பேனா கையில் இருக்கிறது, பிள்ளை தொலைவில் இருக்கிறான். இதைவிட நல்ல வேளை வாய்க்காது. உன்னை உரக்கப் பேசச் சொல்லவில்லை. உரக்கப் பேசுகிறவர்கள் நாட்டில் போதிய அளவுக்கு இருக்கிறார்கள். நீ விட்டுக்கொடுக்கிறாய், நிற்கிறாய், பிறர் போகட்டும் என்று பொறுக்கிறாய். அவையெல்லாம் நல்ல குணங்கள். அவற்றை மாற்றிக்கொண்டு வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன். ஆனால் நீ வருவது பிறருக்குத் தெரிய வேண்டும். புல்லுக்கட்டு சுமந்த அந்த மனிதருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. நீ மரியாதை என்று நினைத்துக் காத்த மௌனம் அவரை அல்லவா கொன்றிருக்கும்? நாளை உனக்கு ஒரு வேலை அமையும், ஒருத்தி வருவாள். அவர்கள் எல்லாரும் தற்செயலாகக் கதவைத் திறந்துதான் நீ வேப்பமரத்தடியில் நிற்பதைக் கண்டுகொள்ள வேண்டுமா? பசித்தால் பசிக்கிறது என்று சொல். வலித்தால் வலிக்கிறது என்று சொல். என்மேல் கோபமிருந்தால், புளியமரத்தடியிலிருந்து இன்றுவரை இருப்பது அதுதான் என்றால், அதையும் சொல். எனக்குப் பதில் சொல்லத் தெரியும். பதில் இல்லாவிட்டால் கேட்டுக்கொள்ளவாவது தெரியும். அதைப் பழகி வருகிறேன்.

மறுபடியும் ஹாரன். எதிர்வீட்டு வாத்தியார், மோட்டார் சைக்கிள். அவர் பேரன் ஓடிவந்து கதவைத் திறக்கிறான். அந்தப் பிள்ளைக்கு அதில் என்ன அத்தனை சந்தோஷமோ.

வெயில் செம்பருத்தியை விட்டு மதிலுக்கு ஏறிவிட்டது. பத்தமடை தாண்டியிருப்பாய். தாண்டாமலும் இருக்கலாம். இரண்டு காபிக்குப் பால் வைத்தேன், பொங்கி அடுப்பில் கொட்டியது, மறுபடி வைத்தேன். ஜன்னலுக்குப் போய்வந்தேன். தெருவில் நாய் படுத்திருக்கிறது, நடுவில், யாருக்கும் வழிவிடாமல். அதற்காகவாவது நீ

அடித்தாய்.

நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். நீளமாக இல்லை. உன் அப்பா அடிப்பதுபோல் தெருமுனையிலிருந்தும் இல்லை. நம் கேட்டுக்கு வெளியே, சிறியதாக ஒன்று, வாசற்படியில் நின்று யாரோ தொண்டையைச் செருமினாற்போல். அதற்குப் பின்னால் உன் பெரியம்மாவின் குரல், “ஒங்கம்மைக்குக் கேட்டிருக்காதுலே, இன்னொண்ணு அடி!”

வேண்டாம், சாம். ஒன்று போதும், கேட்டுவிட்டது. கேட்டைத் திறக்க வருகிறேன்.